மலையில் வளரும் பையனை அளக்க வந்தவர்கள்: ஒரு கூடைப்பந்து மதிப்பீட்டுச் சேவையைப் பற்றி

பள்ளி அளவில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளை நேரில் வந்து பார்த்து, அவர்களுடைய இன்றைய திறனையும் இனி வளரக்கூடிய அளவையும் எழுத்து வடிவில் அறிக்கையாகத் தருகிற சேவைகள் சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் நடைபெற்று வருகின்றன. சமவெளியிலிருந்து இயங்கும் அத்தகைய நிறுவனம் ஒன்றிடம் என் அக்காள் மகனுக்காகச் சென்ற கல்வியாண்டில் பணம் கட்டினேன். ஜூன், செப்டம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் மூன்று முறை அவர்கள் அவனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பார்வைக்கும் ஓர் அறிக்கை வந்தது. குறைகளையும் ஒளிக்காமல் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்துறையில் உள்ள பெரும்பாலோர் ஏறத்தாழ இதே முறையில்தான் வேலை செய்கிறார்கள் என்பதால், பெயர் இல்லாமலும் இம்மதிப்புரை பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பையன் கொடைக்கானல் மேல்மலையைச் சேர்ந்தவன். அத்தானுக்குப் பூண்டு விவசாயம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியன். கூடைப்பந்து எனக்கு ஆடத் தெரியாது, பார்க்க மட்டும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் மலைக்குக் கீழே பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு என்னையும் சிறு வயதிலிருந்தே அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே மின்விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டம் பார்த்துப் பழகிய கண்தான் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு இவன் ஆட்டத்தில் ஏதோ இருப்பதாகப் பட்டது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் அதையே சொன்னார். ஆனால் தாய்மாமனும் உடற்கல்வி ஆசிரியரும் ஒரு பையனை நடுநிலையோடு பார்ப்பார்கள் என்று நம்ப முடியாது. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று எண்ணியதே இந்தச் செலவுக்குக் காரணம்.

முதல் பார்வைக்கு வந்தவர் இளைஞர். கையில் டேப்லெட், தோளில் பை, பையில் சமவெளியில் காற்றடித்துக் கொண்டுவந்த புதுப் பந்து ஒன்று. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தில் சோதிப்பது நிறுவனத்தின் வழக்கமாம். கொள்கையளவில் அது சரியானதே. ஆனால் கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியான அளவில் அடைத்த பந்தை மேலே கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால் உள்ளிருக்கும் காற்று தோலை அதிகமாகத் தள்ளும். குளிரில் உள்காற்று சற்றே சுருங்கினாலும் அது இந்த வேறுபாட்டை முழுவதும் ஈடுசெய்வதில்லை. பந்து கல்லைப் போல இறுகியிருந்தது. டிரிபிள் செய்யும்போது, அதாவது தரையில் தட்டிக்கொண்டே கொண்டுபோகும்போது, கைக்கு அடங்காமல் எகிறியது. பலகையில் பட்டால் வளையத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. இளைஞர் டேப்லெட்டில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார்.

சற்றுத் தள்ளி நின்ற எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பந்தை வாங்கித் தம் தலைக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடித்துக் கீழே விட்டார். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் மேற்பகுதி 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் இடையில் எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதிநூலில் நெடுங்காலம் இருந்த சோதனை, அதாவது நெஞ்சளவு. இந்தப் பந்து கழுத்தைத் தாண்டி எழுந்தது. "சார், இது மலைப் பந்து இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊசியைச் செருகிக் கொஞ்சம் காற்றை இறக்கிக் கொடுத்தார். அதன் பிறகு பையனின் கை வழக்கம்போல் ஆனது. ஆயினும் இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கையில், "பந்தைக் கையாள்வதில் உறுதி இல்லை" என்ற வரி இருந்தது. காற்றை இறக்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த வேறுபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த முதல் அறிக்கையின் பெரிய பிழை இதுவன்று, உயரக் கணிப்புதான். ஜூன் மாதத்தில் அவனுக்கு வயது பதினான்கரை, உயரம் 174 சென்டிமீட்டர். படிவத்தில் பெற்றோரின் உயரம் கேட்டிருந்தார்கள். அத்தான் 172, அக்காள் 165. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதற்காக 13 சேர்த்து, பாதியாக்கினால் 175 வரும். குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய வாய்பாடு அது. இருபுறமும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை விலகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் அவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். அறிக்கை அந்த விலகலை விட்டுவிட்டு, "வளர்ச்சி முடியும் நிலையில் உள்ளது" என்று முடிவு கட்டிவிட்டது. பையன்கள் மிக வேகமாக வளரும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதை ஒட்டி அமைகிறது. சிலருக்கு அது ஓராண்டு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் வரும். இவன் அந்த வேகத்தை முடித்துவிட்டானா, இப்போதுதான் தொடங்குகிறானா என்பதை அறிய உட்கார்ந்த உயரம், கால் நீளம் போன்றவற்றையும் அளந்து பார்க்கும் முறை இருக்கிறது. நிறுவனம் அவற்றை அளக்கவில்லை. கை விரித்த நீளத்தை மட்டும் அளந்திருந்தது; உயரத்தைவிட ஏழு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. நல்ல அறிகுறி என்று அதை எழுதிய கையே, அடுத்த பக்கத்தில் வளர்ச்சி முடிந்தது என்றும் எழுதியிருந்தது.

செப்டம்பரில் அவன் 176.5, ஜனவரி இறுதியில் 180. மூன்றாம் அறிக்கையில் இறுதி உயரக் கணிப்பு திருத்தப்பட்டிருந்தது. ஏன் திருத்தினோம் என்ற விளக்கம் மட்டும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இனி உயரமாட்டான் என்ற தவறான கணக்கை நம்பி, அவனை வளையத்தின் அடியில் நிறுத்தி வைக்காமல் பந்தைக் கொண்டுபோகும் கார்டு ஆட்டக்காரனாகப் பழக்குங்கள் என்று முதல் அறிக்கை சொல்லியிருந்தது. பள்ளி அணியில் உயரமான பையன் கிடைத்தால் உடனே வளையத்தை ஒட்டிய போஸ்டில் நிறுத்திவிடுவது நம் ஊர் வழக்கம். அவன் கையை உயர்த்திக்கொண்டு நிற்பான், மற்றவர்கள் பந்தை அவனிடம் எறிவார்கள், மாவட்டப் போட்டி வரை அதுவே போதும். மாநில அளவுக்குப் போனால் அவனைவிட ஒரு சாண் உயர்ந்தவர்கள் அங்கே நிற்பார்கள். டிரிபிளும் தெரியாமல், வெளியிலிருந்து எறியவும் தெரியாமல் இவன் நடுவில் மாட்டிக்கொள்வான். காரணம் பிழையானாலும் அறிவுரை சரியாக அமைந்துவிட்டது. ஏழு மாதம் இடக்கை டிரிபிள் பழகியவன் இன்று ஆறு சென்டிமீட்டர் உயர்ந்த உடம்போடு அதைச் செய்கிறான்.

இரண்டாம் பார்வைக்கு வேறொருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், முன்னாள் ஆட்டக்காரர் என்பது நடையிலேயே தெரிந்தது. திண்டுக்கல்லில் நடந்த வருவாய் மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிக்கு அவரே நேராக வந்துவிட்டார். இந்தச் சேவையைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் இவர் எழுதிய இரண்டு அறிக்கைகளைப் பற்றியவை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டணத்துக்கு எவர் வருவார் என்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்பது இச்சேவையின் முதன்மையான குறை. மூன்றாம் பார்வைக்கு இவர்தான் வர வேண்டும் என்று நான் வற்புறுத்திக் கேட்டுப் பெற்றேன். கேட்காதவர்களுக்கு யார் வாய்க்கிறாரோ அவர்தான்.

அவருடைய அறிக்கை புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் பையன் 18 புள்ளிகள் எடுத்திருந்தான். வீட்டில் அனைவரும் அதைக் கொண்டாடினோம். அவர் எழுதியிருந்தது வேறு: 18 முறை எறிந்து, இரண்டு புள்ளி எறிவுகளில் ஆறும், தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிவுகளில் இரண்டும் விழுந்தன, மூன்று புள்ளிக்கு ஒன்றரை மடங்கு மதிப்பளித்துக் கணக்கிட்டால் எறிவுத் திறன் 50 சதவீதம். அதே அணியில் 10 புள்ளிகள் மட்டுமே எடுத்த இன்னொரு பையன் எட்டு முறை எறிந்து ஐந்தைப் போட்டிருக்கிறான். அவனுடைய திறன் 62.5 சதவீதம். "பந்தை அவனிடம் கொடுத்திருக்க வேண்டிய நான்கு இடங்கள்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வீடியோவின் நிமிடமும் நொடியும். பையனிடம் இதை வாசித்துக் காட்டியபோது, "மாமா, அவன் என்கிட்ட கேட்கவே இல்லையே" என்றான். அதற்கும் அறிக்கையில் பதில் இருந்தது. இவனும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, தடுப்பாட்டத்தில் வாயே திறப்பதில்லை, பின்னாலிருந்து ஸ்க்ரீன் வருகிறது, அதாவது எதிரணி ஆள் வழிமறித்து நிற்க வருகிறான் என்று தோழனுக்குச் சொல்வதில்லை என்று எழுதியிருந்தது. மலைப் பிள்ளைகள் வெளியூரில் வாய் திறப்பது அரிதுதான். ஆனாலும் கூடைப்பந்தில் அது கூச்சம் என்று எழுதப்படுவதில்லை. குறை என்றே எழுதப்படுகிறது.

அந்த அறிக்கையின் மிகச் சிறந்த பக்கம், பந்து கையில் இல்லாத நேரத்தைப் பற்றியது. எறிவு தவறியதும் தலையைக் குனிந்தபடி எத்தனை நொடி நிற்கிறான், பந்து எதிரணிக்குப் போனதும் திரும்பி ஓடத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, பந்தையே பார்த்துக்கொண்டு தான் தடுக்க வேண்டிய ஆளை எத்தனை முறை மறந்துவிடுகிறான், தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு எழும்புமுன் எதிரியை முதுகால் தடுத்து இடம் பிடிக்கிறானா என்று ஒவ்வொன்றையும் கால்பகுதி வாரியாக எண்ணி எழுதியிருந்தார். முதல் கால்பகுதியில் உடனே திரும்பி ஓடியவன் நான்காம் கால்பகுதியில் நடந்து வந்திருக்கிறான். இதற்கு "தாக்குப்பிடிக்கும் திறன் குறைவு" என்று அவரும் எழுதியிருந்தார். இந்த ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெல்லிய காற்றில் பிறந்து வளர்ந்து, நாள்தோறும் ஏற்றத்தில் நடந்து பள்ளிக்குப் போகும் பையனுக்கு மூச்சு குறைவு என்று சொல்வது பொருந்தவில்லை. விடியற்காலைப் பேருந்தில் ஏறி, வத்தலக்குண்டு வரை வளைவுகளில் குமட்டிக்கொண்டு இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றிய அன்றே திண்டுக்கல் வெயிலில் நண்பகல் ஆட்டம் ஆடியவன் அவன். வெப்பத்துக்கு உடம்பு பழக ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படுவது. தொலைபேசியில் நான் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மூன்றாம் அறிக்கையில் அந்த வரியைத் திருத்தி, வெப்பத்தில் ஆடிய ஆட்டம் என்ற குறிப்பையும் சேர்த்தார்.

வயதைப் பற்றியும் அவர் ஒரு நல்ல குறிப்பு எழுதியிருந்தார். பையன் டிசம்பரில் பிறந்தவன். பள்ளிப் போட்டிகளின் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1 ஆம் தேதியைக் கொண்டு பிரிக்கப்படுவதால், அதே பிரிவில் அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவன் இவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். பதினைந்து வயதில் ஓராண்டு என்பது உடம்பில் பெரிய வேறுபாடு. தேர்வாளர்கள் பெரும்பாலும் ஆண்டின் முன்மாதங்களில் பிறந்த பிள்ளைகளையே தேர்ந்தெடுத்துவிடுவது உலகம் முழுவதும் பல விளையாட்டுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. ஆகவே மாவட்ட செலக்ஷனில் இவன் பெயர் விட்டுப்போனால் அதை வைத்து மனம் தளர வேண்டாம் என்று எழுதியிருந்தார். பெயர் உண்மையிலேயே விட்டுப்போயிற்று. அக்காளுக்கு அந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் பார்வைக்கு அவர் கொடைக்கானலுக்கு வந்தபோது முதலில் செய்தது, பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்து எங்கள் பள்ளி ஆடுகளத்தின் மூன்று புள்ளிக் கோட்டை அளந்ததுதான். 6.25 மீட்டர் இருந்தது. சர்வதேசக் கூட்டமைப்பு 2010 இல் அந்தக் கோட்டை 6.75 மீட்டருக்குத் தள்ளிவிட்டது. எங்கள் சிமெண்ட் தளத்தில் பழைய கோட்டின் மீதே ஆண்டுதோறும் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம். திண்டுக்கல்லில் அவனுடைய தொலைவு எறிவுகள் பல வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழுந்ததற்குக் காரணம் அந்த அரை மீட்டர்தான். அன்று மாலையே உடற்கல்வி ஆசிரியர் சுண்ணாம்பால் புதுக்கோடு போட்டார். கட்டிய பணத்தில் பாதி இந்த ஒன்றுக்கே தகும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அதே நாளில் 50 ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பவர் இல்லாமல் ஒரே கோட்டில் நின்று எறியும் எறிவு, சோதனையையும் நடத்தினார். ஜூனில் 24 விழுந்தன, ஜனவரியில் 36. ஒருவன் பிற்காலத்தில் நல்ல தொலைவு எறிவாளனாக வருவானா என்பதற்கு, இளவயதில் அவன் போட்ட மூன்று புள்ளிகளின் எண்ணிக்கையைவிட ஃப்ரீ த்ரோ சதவீதமே பெரும்பாலும் நல்ல அறிகுறி என்று அவர் விளக்கினார். தடுப்பவர் இல்லை, தொலைவு மாறுவதில்லை, கை மட்டுமே பேசுகிறது என்பதால் எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே பட்டது.

ஒரு செய்தியில் மட்டும் இந்தச் சேவையை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் அறிக்கையோடு ஒரு பயிற்சி அட்டவணை இணைத்திருந்தார்கள். அதில் நாளுக்கு 200 தாவல்கள் என்று இருந்தது. யாருக்கு அனுப்பினாலும் அதே அட்டவணைதான் போகும் என்று பின்னால் தெரிந்தது. ஆகஸ்டில் பையனுக்கு முழங்காற்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலி வந்தது. வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் இன்னும் முற்றாத எலும்பின் வளர்ச்சிப் பகுதியை இழுப்பதால் வருவது. ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்று பெயர் சொல்லி, தாவலை உடனே குறைக்கச் சொன்னார் மருத்துவர். பெரும்பாலும் வளர்ச்சி நிற்கும்போது தானே அடங்கிவிடுமாம். ஆனால் வளர்ச்சி முடிந்துவிட்டது என்று எழுதிய அறிக்கையே வளரும் எலும்பின் மீது 200 தாவல்களை ஏற்றியது. நிறுவனத்துக்கு எழுதினேன், அட்டவணை "பொதுவான வழிகாட்டல்" என்று பதில் வந்தது. எந்தச் சேவையை எடுத்தாலும், பயிற்சி அட்டவணையை உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமும் தேவைப்பட்டால் மருத்துவரிடமும் காட்டாமல் தொடங்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. தமிழில் கேட்டதற்கு அரைமணி நேரம் தொலைபேசியில் விளக்குவதாகச் சொன்னார்கள், அந்த விளக்கம் அறிக்கையைவிடத் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீடியோவில் வெட்டித் தொகுத்த துண்டுகள்தாம் முதலில் வரும். முழு ஆட்டமும் வேண்டும் என்று கேட்டுப் பெற இரண்டு வாரம் ஆயிற்று. இசை சேர்த்த ஹைலைட்ஸ் தொகுப்புக்குத் தனிக்கட்டணம், வாங்காதீர்கள். விழுந்த பந்துகளை மட்டும் ஒட்டிக் காட்டும் மூன்று நிமிடப் படத்தை எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் நம்புவதில்லை. மூன்று பார்வைகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாய்; வருபவரின் தங்கும் செலவு தனி. ஜூன் முதல் வாரத்தில் வந்த இளைஞரின் அறைக்குச் சீசன் வாடகை கொடுத்ததில் அத்தானுக்கு இன்றும் வருத்தம் உண்டு.

விளம்பரத் தாளில் 2015 இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52 ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங்கைப் பற்றிப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் எடுக்கும் தேர்வில்) தேர்வான முதல் ஆள் அவர் என்பது உண்மை. ஏழடிக்கும் மேற்பட்ட உயரம் என்பதும், பதின்ம வயதிலேயே அமெரிக்கப் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர் என்பதும், அவ்வளவுக்குப் பிறகும் என்.பி.ஏ. முதன்மைப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. எங்கள் வீட்டின் கணக்கு எளியது. விளையாட்டு ஆணையத்தின் விடுதியிலோ, கோவை அல்லது சென்னைக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டிலோ ஓர் இடம். சென்னையில் ஆடத் தொடங்கி இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021 இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அறிக்கையை வாங்கி நாள்தோறும் களத்தில் செயல்படுத்த ஓர் உடற்கல்வி ஆசிரியரோ கோச்சோ இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் அது பீரோவில் கிடக்கும் காகிதம். ஒரே பார்வைக்கு மட்டும் பணம் கட்டுவதில் பொருளே இல்லை, ஏனென்றால் வளரும் பையனைப் பற்றி ஒரு நாளில் எழுதியது எவ்வளவு தவறலாம் என்பதை எங்கள் ஜூன் அறிக்கையே காட்டிவிட்டது. நான் இந்த ஆண்டுக்கு இரண்டு பார்வைகள் கேட்டு எழுதியிருக்கிறேன். வருபவர் அந்தப் பெரியவராக இருக்க வேண்டும், பயிற்சி அட்டவணை வேண்டாம், உட்கார்ந்த உயரத்தையும் அளக்க வேண்டும், பந்து எங்கள் பள்ளியுடையதாக இருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகள் போட்டேன். முதல் மூன்றுக்கும் சம்மதம் வந்துவிட்டது. பந்தைப் பற்றி மட்டும், தங்கள் பந்தையே கொண்டு வருவதாகவும் மேலே வந்தபின் காற்றைச் சரிபார்த்துக்கொள்வதாகவும் பதில் எழுதியிருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஊசியை எடுத்து வைத்திருக்கிறார்.